யோகா வகுப்புக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். மொத்தம் 120 பேர். பாதிக்கு மேல் பெண்கள், வடமாநிலப் பையன்கள் முப்பது பேர். எங்கள் முதலாளி ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, தொழிலாளர்களின் ஆரோக்கியத்துக்கு என்று 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். கோவையிலிருந்து ஒரு கம்பெனி திட்டம் கொடுத்திருக்கிறது: நடக்கும் அடிகளை எண்ணுகிற ஆப், சனிக்கிழமை யோகா, எடை குறைப்புப் போட்டி, ஒரு முறை முழு உடல் பரிசோதனை. 15ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடியாம். சோதனைக்காக ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு யோகா வைத்துப் பார்த்தோம், ஐந்து பேர்தான் வந்தார்கள்: கணக்குப் பிரிவில் இரண்டு பேர், ஸ்டோர் கீப்பர், முதலாளியின் மருமகன், நான். நம் ஆட்களுக்குச் சோம்பேறித்தனம் அதிகம். இவர்களை எப்படிக் கலந்துகொள்ள வைப்பது? பரிசாகக் குக்கர் கொடுக்கலாமா, கம்பளி கொடுக்கலாமா?

பதில்:

தம்பி, அந்த ஐந்து பேர் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ஐந்து பேருமே நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள். தேயிலைத் தூளைச் சலிக்கிற சிஃப்டிங் ரூமில் காலை எட்டு மணியிலிருந்து நின்றபடியே குனிந்து நிமிர்ந்து தூள் அள்ளிய ஒரு அக்காவை, அவர் ஊர் பஸ் ஐந்தேகாலுக்கு என்று தெரிந்தும், சனிக்கிழமை ஐந்து மணிக்கு "வாங்க, இன்னும் கொஞ்சம் குனிஞ்சு நிமிருங்க" என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். அவர் வராததைச் சோம்பேறித்தனம் என்கிறீர்கள். எனக்கென்னவோ அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இந்த மலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டராக ஆரம்பித்து, இப்போது தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்த் தொழிலாளர்களைப் பார்க்கிறவன். உங்கள் முதலாளி மாதிரி நல்ல மனதோடு பணம் ஒதுக்கினவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பணம் டி-ஷர்ட்டாகவும் பேனராகவும் போனதையும் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆப்பிலிருந்தே தொடங்குவோம். ஒரு நாளைக்கு 10,000 அடி என்று சொல்கிறார்களே, அது எந்த டாக்டரும் ஆராய்ந்து சொன்ன கணக்கு இல்லை. 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு 'மான்போ கெய்' என்று பெயர் வைத்தது, பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். விற்பதற்காக வைத்த பெயர் உலகம் பூராவும் வைத்தியமாகிவிட்டது. நடப்பது நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் தொழிற்சாலையில் யார் நடக்கவில்லை? கொழுந்து மூட்டை இறக்குகிறவரா, ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) மேடு ஏறி ரோட்டுக்கு வந்து பஸ் பிடிக்கிறவரா? இன்னொன்று, பல தொழிற்சாலைகளில் உணவுப் பாதுகாப்புக்காக உற்பத்திப் பகுதிக்குள் போனையே விடுவதில்லை. உங்களிடமும் அதுதான் நடைமுறை என்றால், நாள் முழுக்க நடக்கிறவரின் போன் லாக்கரில் தூங்கும், கேன்டீனுக்கும் ஆபீசுக்கும் நடக்கிற உங்கள் கணக்கர் முதல் பரிசு வாங்குவார்.

எடை குறைப்புப் போட்டி வேண்டவே வேண்டாம். எல்லார் முன்னாலும் எடை மெஷினில் ஏறச் சொல்வதை யாரும் மறக்க மாட்டார்கள். அதோடு அங்கே சில பெண்களுக்கு எடை கூட வேண்டியிருக்கும்.

இந்த மாதிரித் திட்டங்களைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் சுமார் 4,800 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் பரிசோதனை, வகுப்பு, ஊக்கப் பணம் எல்லாம் கொடுத்தார்கள். மருத்துவச் செலவிலும் லீவிலும் உடற்பயிற்சிப் பழக்கத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சேர்ந்தவர்கள் யார் என்று பார்த்தால், ஏற்கெனவே செலவு குறைவாக, ஆரோக்கியமாக இருந்தவர்கள்தான் அதிகம். உங்கள் ஐந்து பேர் கதைதான், பெரிய அளவில். அதே நாட்டில் ஒரு கடைச் சங்கிலியின் 160 கிளைகளில் 20ஐ மட்டும் குலுக்கலில் எடுத்துத் திட்டத்தை நடத்தினார்கள், முடிவு 2019இல் வெளிவந்தது. ஒன்றரை வருடம் கழித்து "நான் உடற்பயிற்சி செய்கிறேன்" என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். எடை, ரத்த அழுத்தம், லீவு, செலவு எதுவும் மாறவில்லை. கருவிகளில் அசையாத முள் வாயில் மட்டும் அசைந்தது.

இதை வைத்து, சும்மா இருந்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆளைத் திருத்தப் பார்க்கிறோம், அவர் எட்டு மணி நேரம் நிற்கிற இடத்தை அப்படியே விட்டுவிடுகிறோம், சிக்கல் அங்கேதான். 3 லட்சத்தை இடத்துக்குச் செலவழியுங்கள்.

எங்கே என்று தெரிந்துகொள்ள ஒரு நாள், கோவைக்காரர்கள் இல்லாமல், தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீ மேக்கரையும் கூட்டிக்கொண்டு, கொழுந்து போகிற வழியிலேயே நீங்களும் நடந்து பாருங்கள். இறக்குமிடத்தில் மூட்டையைத் தோளுக்கு ஏற்றுகிறார்களா, தள்ளுவண்டி இருக்கிறதா, இருந்தால் சக்கரம் சுற்றுகிறதா என்று பாருங்கள் (நான் பார்த்த தள்ளுவண்டிகளில் பாதி, மூலையில் துரு ஏறி நிற்பவை). கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சிடிசி ரோலர் ஓடுகிற இடத்தில் டீ மேக்கரிடம் ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசுங்கள். கத்தினால்தான் கேட்கிறது என்றால் அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், வருடக்கணக்கில் அங்கே நிற்பவரின் காது மெல்ல மெல்லப் போகும், போனது திரும்பி வராது. வலியே இல்லாமல் போவதால் யாரும் டாக்டரிடம் வருவதில்லை. வீட்டில் டிவி சத்தம் கூடுவதை முதலில் பார்க்கிறவர் மனைவிதான். இயர் பிளக் வாங்கிக் கொடுங்கள், ஒரே அளவு எல்லார் காதுக்கும் பொருந்தாது என்பதால் இரண்டு மூன்று அளவு வாங்குங்கள், எப்படிச் சொருகுவது என்று யாராவது காட்டிக் கொடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரிவுக்காரர்களுக்குக் கேட்கும் திறன் சோதனை வையுங்கள், வேலைக்கு இறங்குவதற்கு முன் காலையிலேயே. ரோலர் பக்கம் நின்றுவிட்டு வந்த காதைச் சோதித்தால் தப்பாகத்தான் காட்டும்.

அப்புறம் சிஃப்டிங் ரூம். உங்கள் பணத்தில் பெரும்பங்கு போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் கணிப்பு, நேரில் பார்க்காமலே சொல்கிறேன், தப்பானால் திட்டுங்கள்.

காய்ந்த தூளைச் சலிக்கும்போது பழுப்புப் பஞ்சு மாதிரி ஒரு தூசி பறக்குமே, ஜன்னல் கம்பியில், புருவத்தில், டியூப் லைட் மேலே எல்லாம் உட்கார்ந்திருக்குமே, அது வாசனையாக இருப்பதால் அதை யாரும் தூசியாகவே நினைப்பதில்லை. தேயிலைத் தூசியால் இருமலும் ஆஸ்துமாவும் வருவது தொழில்நோய் மருத்துவத்தில் பல காலமாகத் தெரிந்த விஷயம். அங்கே வேலை செய்கிறவர்களிடம் நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஞாயித்துக்கிழமை இருமல் குறையுதா?" குறைகிறது, திங்கட்கிழமை சாயங்காலம் திரும்ப வருகிறது என்றால் அது குளிரும் இல்லை, 'மலை இருமலும்' இல்லை, வேலை செய்கிற அறையின் இருமல். ஒரு அக்கா எனக்குச் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "தீபாவளிக்கு நாலு நாள் ஊருக்குப் போனா எனக்கு இருமலே இல்லீங்க சார், அப்ப சாமி கும்பிட்டதாலன்னு நெனச்சேன்."

முகத்தில் கட்டுகிற சேலைத் தலைப்பும் கைக்குட்டையும் இந்தத் தூசியைத் தடுக்காது. என்95 மாஸ்க் ஓரளவு தடுக்கும், ஆனால் எட்டு மணி நேரம் அதோடு மூச்சு விடுவது எத்தனை கஷ்டம் என்று கொரோனா காலத்தில் நமக்கே தெரிந்துவிட்டது, அதனால் மாஸ்க்கைக் கடைசியாக வையுங்கள். முதல் வேலை, சலிக்கிற இடத்திலேயே தூசியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற குழாய். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கலாம், பை நிரம்பி அடைத்துப் போய், மோட்டாரை அணைத்துவிட்டு வருஷமாகியும் இருக்கலாம். துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்திவிட்டு வாக்குவம் வாங்குங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் காற்றுக் குழாயை வைத்து உடம்பிலும் உடுப்பிலும் படிந்த தூளை ஊதிவிடுகிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், படிந்து கிடந்த தூசியை நாமே நுரையீரலுக்கு அனுப்புகிற வேலை அது. இருமல் இருக்கிறவர்களுக்கு ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கும் சோதனை செய்து, தேவைப்பட்டால் பேக்கிங்குக்கோ வேறு இடத்துக்கோ மாற்றுங்கள், சம்பளத்தைக் குறைக்காமல். குறைத்தால் அடுத்த ஆள் இருமலை மறைப்பார்.

நிற்பது பற்றி ஒரு வரி. நின்றே வேலை செய்கிறவர்களுக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியாகிவிட்டது. பத்து ஸ்டூல், அவ்வளவுதான்.

இனி பெண்கள் உங்களிடம் சொல்லாத விஷயம். குளிரில் தாகமே தெரியாது, அது ஒரு பக்கம். கழிப்பறை தொழிற்சாலைக்குப் பின்னால், மழையில் நனைந்துகொண்டு போகிற தூரத்தில் இருந்து, போய்விட்டு வருவதற்குள் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றால், அவர்கள் கண்டுபிடித்திருக்கிற வழி தண்ணீரே குடிக்காமல் இருப்பது. என்னிடம் நீர்க்கடுப்போடு வந்த தொழிற்சாலைப் பெண்களில் நிறையப் பேருக்கு மாத்திரையோடு சேர்த்து ஒரு தகரக் கூரையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். உள்ளே சுடுதண்ணீர் வையுங்கள், இந்த ஊரில் பச்சைத் தண்ணீர் வைத்தால் யார் குடிப்பார்கள்? கழிப்பறைக்கு நனையாமல் போக வழி, உள்ளே தாழ்ப்பாள், விளக்கு, மூடி போட்ட குப்பைக்கூடை. யோகா வகுப்புக் கட்டணத்தில் இதெல்லாம் முடிந்துவிடும்.

டீ விஷயமும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தேயிலைத் தொழிற்சாலைக்காரரிடம் டீயைக் குறைக்கச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை, நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ, சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சரியாகச் சேர விடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மதியச் சாப்பாட்டு டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்தால் போதும், சர்க்கரையைத் தனியாக வைத்தால் இன்னும் நல்லது. வர்க்கியும் நாலு டம்ளர் இனிப்பு டீயுமே காலைச் சாப்பாடு என்று இருப்பவர்களுக்கு அது எவ்வளவு சர்க்கரை என்று அவர்களே போட்டுக்கொள்ளும்போதுதான் கண்ணில் படும்.

அடுத்தது ராத்திரி. கொழுந்து குவிகிற மாதங்களில் நீங்களும் விடிய விடிய ஓட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்தவர் எப்படி வீட்டுக்குப் போகிறார் என்று என்றைக்காவது கேட்டதுண்டா? கோத்தகிரியில் இருந்துகொண்டு கரடியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைச் செடிக்கு நடுவே காட்டுமாடு நிற்பது இருட்டில் பாறை நிற்கிற மாதிரி இருக்கும், கிட்டப் போனால்தான் பாறை மூச்சு விடும். கையில் போன் வெளிச்சத்தோடு, நாலு பேராய்ச் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்கிறவர்களுக்கு மனஅழுத்தத்தைக் குறைக்கும் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதா, ஒரு ஜீப் விடுவதா? ஜீப் முடியாதென்றால் ஷிஃப்ட் நேரத்தைக் கடைசி பஸ்ஸுக்குத் தகுந்த மாதிரி மாற்றுங்கள், அதற்குக் காசே வேண்டாம். ராத்திரி முடித்தவரை மறுநாள் காலையிலேயே வரச் சொல்வது அவசர காலத்தில்கூட வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் ரோலர் பக்கம் கை போனால் என்னாகும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

உடல் பரிசோதனை நல்லதுதான், ஆனால் அந்த 'முழு' பேக்கேஜ் வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தூசிப் பிரிவுக்கு ஊதல் சோதனை, ரோலர் பிரிவுக்குக் காது, இவ்வளவு போதும். அதைவிட முக்கியம், ரிசல்ட் யார் கைக்குப் போகிறது என்பது. முன்பு நான் போய்க்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில், நல்ல எண்ணத்தில்தான், சர்க்கரை இருக்கிறவர்களின் பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள், இவர்களுக்குக் கேன்டீனில் சர்க்கரை இல்லாத டீ என்று. ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு அதனால் நின்றது. அடுத்த வருட முகாம் அன்றைக்குப் பாதிப் பேர் லீவு. பட்டியலை அவர்களிடம் கொடுத்தது நான்தான், யோசிக்காமல். இப்போதெல்லாம் கவரில் போட்டு ஒட்டி அவரவர் கையில் மட்டும் கொடுக்கிறேன், ஆபீசுக்குப் பெயரில்லாத மொத்த எண்ணிக்கை மட்டும் போகும்.

இது நம் மலையில் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். உங்கள் தொழிலாளர்களில் இருளர், குறும்பர் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள் இருந்தால், அவர்களில் சிலருக்கு இது இருக்கலாம். குளிரும், தண்ணீர் குடிக்காததும், அளவு மீறிய உழைப்பும் அவர்களுக்குத் தாங்க முடியாத வலியைக் கொண்டுவரும். ஒருவர் தனக்கு இது இருக்கிறது என்று தானாக வந்து சொன்னால், வேலையை விட்டு நிறுத்தாதீர்கள், கதகதப்பான இடமும் தண்ணீரும் கொடுங்கள்.

பரிசோதித்து, "உங்களுக்குப் பிரஷர் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டால் வேலை முடியாது, அடுத்த மாதம் மாத்திரை யார் தருவது? அதற்கு உங்கள் 3 லட்சம் வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, வேலையிடத்துக்கே வந்து பரிசோதிக்கிற தொழிலாளரைத் தேடி மருத்துவமும் இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள், கடிதம் எழுதுவதைவிட நேரில் போனால் சீக்கிரம் நடக்கும். இன்னொரு விஷயம், 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) சட்டம் தேயிலைத் தயாரிப்பைப் பருவகாலத் தொழிற்சாலைகளோடு சேர்த்து விலக்கி வைத்தது, அதனால் சமவெளி மில் தொழிலாளி கையில் இருக்கிற இஎஸ்ஐ அட்டை உங்கள் ஆட்களிடம் இருக்க வாய்ப்பில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்றுக்கும் அட்டைக்கும் அலைய ஒரு நாள் கூலி போகும் என்பதாலேயே பலர் எடுக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஒரு நாள் கூலியைத் தொழிற்சாலை கொடுக்கட்டும்.

வடமாநிலப் பையன்களை மறந்துவிடாதீர்கள், அவர்களுக்குக் குளிரே புதிது. எத்தனை பேர் ஒரு அறையில் படுக்கிறார்கள், அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்குகிறார்களா என்று போய்ப் பாருங்கள். அந்தக் கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூச்சை நிறுத்திவிடும். உள்ளே அடுப்பு வைக்க வேண்டாம் என்று அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லுங்கள், மாற்றாகக் கம்பளியைக் கொடுத்துவிட்டு.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். அமெரிக்க ஆய்வெல்லாம் அவரிடம் எடுபடாது. போன வருட அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரை எடுத்து, பிரிவு வாரியாக லீவைக் கூட்டி ஒரே தாளில் எழுதுங்கள். ஏதோ ஒரு பிரிவு மட்டும் தனியாக மேலே நிற்கும், அது சிஃப்டிங் ரூமாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். அந்தத் தாளை மட்டும் அவர் மேஜையில் வையுங்கள். கூடவே, சூப்பர்வைசர்கள் இல்லாத நேரத்தில் பத்துத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து, "இந்த வேலையில் உங்களுக்கு எது வலிக்குது, எதை மாத்தணும்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டாம் தடவைக்குள் ஸ்டூல் வந்திருந்தால் பேசுவார்கள்.

யோகா விருப்பமுள்ளவர்களுக்கு இருக்கட்டும், வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு. பரிசைக் கேட்டிருந்தீர்கள்: கம்பளி, ஆனால் போட்டி வைக்காமல், 120 பேருக்கும். கோவைக்காரர்களின் 15ஆம் தேதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், 16ஆம் தேதி கேட்டாலும் அதே தள்ளுபடியைக் கொடுப்பார்கள்.